ஓக் மர அலமாரியும் ஒரு 88 பீரங்கியும்

நான் ஜெர்மனியின் ஹனோவர் நகரில் வசிக்கும் இயந்திரப் பொறியாளன். 2020ஆம் ஆண்டுப் பொதுமுடக்கத்தில் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்தபோது, இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் படைகள் பயன்படுத்திய பீரங்கிகளின் வண்ணம் தீட்டிய மினியேச்சர்களைச் சேகரிக்கத் தொடங்கினேன். அடுத்த மூன்று ஆண்டுகளில் அதில் 1,130 யூரோவுக்கு மேல் பறிகொடுத்தேன். நான்கு இரவுகள் தூக்கமில்லாமலும் கிடந்தேன். அவற்றுக்கு விலை போட எனக்குத் தெரியவில்லை. இந்தப் பொழுதுபோக்கைப் பற்றித் தமிழில் கேட்டுத் தெரிந்துகொள்ள அப்போது ஒருவரும் கிடைக்கவில்லை. இங்குள்ளவர்களிடம் கேட்கலாம் என்றால் கூச்சம் தடுத்தது. கேள்வி வாயிலிருந்து வந்தவுடன் "உங்களுக்கு ஏன் இந்த ஆர்வம்?" என்ற பதில் கேள்வி வரும் என்று பயந்தேன், அந்தப் பயம் தவறும் அல்ல. யாராவது ஒருவர் அன்றைக்கு என்னைப் பிடித்து நிறுத்தி நாலு வார்த்தை சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று இன்றும் நினைப்பதால், நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

என்னை இழுத்தது போரின் பெருமை அல்ல, பீரங்கியின் பொறியமைப்பு. சுடும்போது பின்னோக்கி உதைக்கும் குழலை எண்ணெயும் காற்றும் நிரம்பிய உருளைகள் எப்படித் தாங்கி மீண்டும் முன்னே தள்ளுகின்றன, பல டன் எடையை இரண்டு கால்கள் எப்படி மண்ணில் ஊன்றி நிறுத்துகின்றன என்பதெல்லாம் கல்லூரிக் காலத்திலிருந்தே எனக்குப் பிடித்த விஷயங்கள். அதனால் முதலில் வாங்கியது 10.5 சென்டிமீட்டர் இலகு ஹோவிட்சர், அதாவது குண்டை மேல்நோக்கி வளைத்து வீசும் வகை, ஜெர்மன் காலாட்படை டிவிஷன்களின் அன்றாடப் பீரங்கி. அடித்தட்டில் 'போலந்து, 1939' என்று பித்தளைத் தகடு பதித்திருந்தார்கள். விலை 210 யூரோ. குழலின் நுனியில் பக்கவாட்டில் திறந்த துளைகளோடு தடித்த ஒரு தலை இருந்தது, அது எனக்கு மிகவும் பிடித்துப் போயிற்று. வெடிவாயுவைப் பக்கவாட்டில் திருப்பி உதைப்பைக் குறைக்கும் அமைப்பு அது. மசில் பிரேக் என்பார்கள். ஒரு மாதம் கழித்துத்தான் தெரிந்தது, 1939இல் போலந்துக்குள் நுழைந்த ஹோவிட்சர்களில் அந்தத் தலை கிடையாது. கூடுதல் மருந்தேற்றி 10,675 மீட்டர் தூரத்தை 12,325 மீட்டராக உயர்த்த வேண்டிய தேவை வந்த பிறகே குழலுக்கு அதைப் பொருத்தி, பெயரோடு 'எம்' என்ற எழுத்தையும் சேர்த்தார்கள். அப்படியானால் என் மேசையில் நின்ற பீரங்கி தவறானதல்ல, தகடுதான் தவறு. தகட்டைக் கழற்றிவிட்டு '1942' என்று நானே ஒரு சீட்டு ஒட்டினேன். பணம் போகவில்லை. ஆனால் அப்போதே ஒரு பாடத்தைக் கற்றிருக்க வேண்டும்: சிற்றுருவைச் செய்தவருக்கும் அடித்தட்டில் ஊரையும் ஆண்டையும் எழுதுபவருக்கும் பல நேரங்களில் தொடர்பே இருப்பதில்லை. இடமும் ஆண்டும் விலையைக் கூட்டும் சொற்கள். எந்தப் பீரங்கியை வாங்கினாலும் முதலில் தகட்டை மறைத்துக்கொண்டு, 'இந்த உடல் எந்த ஆண்டுக்கு முந்தியதாக இருக்க முடியாது?' என்று கேட்டுப் பார்க்க வேண்டும். மசில் பிரேக், சக்கரம், நிறம் ஆகிய மூன்றும் அந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் விடை சொல்லிவிடும்.

இந்தப் பாடத்தைப் பாதிதான் கற்றிருந்தேன் என்பது 2021 அக்டோபரில் தெரிந்தது. இங்கிலாந்திலிருந்து தனிநபர் ஒருவர் தம் தொகுப்பைக் கலைத்து விற்றுக்கொண்டிருந்தார். அதில் '88, ஹல்ஃபாயா கணவாய், 1941' என்ற தொகுதி இருந்தது. ஒரு பீரங்கி, அதை இழுக்கும் அரைச்சங்கிலி வண்டி (முன்னே சக்கரமும் பின்னே சங்கிலிப் பட்டையும் கொண்டது), எட்டு வீரர்கள், மணற்பரப்புபோல் செய்த அடித்தட்டு. 1990களில் ஒரு சிறு பட்டறையில் கையால் செய்தது, அளவு உண்மையானதில் 30இல் ஒன்று. 88 என்பது 8.8 சென்டிமீட்டர் விமான எதிர்ப்புப் பீரங்கி. வானத்தைப் பார்த்துச் சுடப் பிறந்து, தரையில் வரும் டாங்கிகளைச் சுட்டதால் பெயர் வாங்கியது. ஹல்ஃபாயா எகிப்து எல்லையில் உள்ள கணவாய். 1941 ஜூன் 15 அன்று ஆங்கிலேயர் தொடங்கிய தாக்குதலில், 78 மில்லிமீட்டர் முன்கவசம் கொண்ட மட்டில்டா டாங்கிகளை அங்கே மண்ணுக்குள் தாழ்த்திப் பதித்து வைத்திருந்த 88கள் ஒன்றன்பின் ஒன்றாக உடைத்தன. அந்த டாங்கிகளோடு ஏறி வந்தவர்கள் நான்காவது இந்திய டிவிஷனைச் சேர்ந்தவர்கள். அந்த டிவிஷனோடு பாலைவனப் போர்முனையில் இந்தியப் படையின் பொறியாளர் பிரிவான மெட்ராஸ் சாப்பர்ஸும் பணியாற்றினார்கள். இந்தப் பொழுதுபோக்கில் என் ஊரோடு ஒட்டிக்கொள்ளும் ஓர் இழை அதுதான் என்பதால், விற்பவர் கேட்ட 780 யூரோவைப் பார்த்ததும் பேரம் பேசக்கூடத் தோன்றவில்லை.

அடுத்தடுத்துச் செய்த தவறுகளைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. விற்பனைக் கட்டணத்தை மிச்சப்படுத்தலாம் என்று அவர் சொன்னதால், நண்பருக்கு அனுப்புவதாகக் குறித்துப் பணம் அனுப்பினேன். அந்த வழியில் அனுப்பினால் பொருள் சரியில்லை என்று முறையிட்டுப் பணத்தைத் திரும்பப் பெறும் பாதுகாப்பு கிடையாது என்பது எனக்குத் தெரியும், தெரிந்தே செய்தேன். படங்கள் ஐந்து அனுப்பியிருந்தார். ஐந்தும் ஒரே பக்கத்திலிருந்து எடுத்தவை. அடிப்புறப் படம், அளவுகோலோடு சேர்த்து எடுத்த படம், பகல் வெளிச்சப் படம் எதையும் நான் கேட்கவில்லை. தபால் செலவு 46 யூரோ. 2021இலிருந்து இங்கிலாந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளிநாடு என்பது செய்தியாகத் தெரிந்திருந்தும், என் வீட்டு வாசலுக்கு அது வரும் என்று யோசிக்கவில்லை. பொருளின் விலைக்கும் தபால் செலவுக்கும் சேர்த்து 19 விழுக்காடு இறக்குமதி வரியாக 157 யூரோவும், அதை எனக்காகக் கட்டியதற்குக் கூரியர் கட்டணமாக 18 யூரோவும் கொடுத்த பிறகே பெட்டி கைக்கு வந்தது. ஆக, பெட்டியைத் திறப்பதற்கு முன்பே 1,001 யூரோ. வெளிநாட்டிலிருந்து வாங்குபவர்கள், குறித்த விலையோடு நாலில் ஒரு பங்குக்கு மேலேயே கூட்டிப் பார்த்து, அந்தத் தொகைக்கும் மனம் சம்மதித்தால் மட்டும் வாங்குங்கள்.

பெட்டியைத் திறந்த அன்றிரவு மகிழ்ச்சியாகத்தான் இருந்தேன். மறுநாள் ஏதோ உறுத்தியது. வீரர்கள் பீரங்கியின் அளவுக்குப் பொருந்தாமல் பெரியவர்களாகத் தெரிந்தார்கள். வெர்னியர் காலிப்பரை எடுத்துக் குழலை அளந்தேன். இதற்குக் கணக்கு எளிது. அந்தப் பீரங்கியின் குழல் நீளம் அதன் வாய் விட்டத்தைப்போல் 56 மடங்கு, அதாவது 4.93 மீட்டர். 30இல் ஒன்று என்றால் 164 மில்லிமீட்டர் இருக்க வேண்டும், 32இல் ஒன்று என்றால் 154, 35இல் ஒன்று என்றால் 141. என் கையில் இருந்தது 149. எந்த அளவிலும் சேராத பீரங்கி! பட்டறைக்காரர் பெட்டிக்குள் அடங்குவதற்காகக் குறுக்கினாரோ, அச்சு வார்க்கும்போது வந்த பிழையோ, தெரியவில்லை. வீரர்களை அளந்தால் அவர்கள் 30இல் ஒன்றுக்குச் சரியாக இருந்தார்கள். வாங்குவதற்கு முன்பே பின்கதவிலிருந்து வாய்வரை குழலின் நீளம் எத்தனை மில்லிமீட்டர் என்று ஒரு வரி கேட்டிருந்தால் போதும். இப்போது நான் வாங்கும் ஒவ்வொன்றுக்கும் இந்தக் கேள்வியைத்தான் முதலில் அனுப்புகிறேன். ஒழுங்கான விற்பனையாளர் பத்து நிமிடத்தில் அளந்து சொல்லிவிடுவார். 'அளவுகோல் கையில் இல்லை' என்பவரிடமிருந்து விலகிக்கொள்கிறேன்.

உறுத்தல் தொடங்கிவிட்டால் கண் நிற்காது. ஜெர்மன் கூட்டாட்சி ஆவணக் காப்பகம் 2008இல் 80,000க்கும் மேற்பட்ட படங்களை விக்கிமீடியா காமன்ஸில் எல்லோருக்கும் திறந்து வைத்தது. அவற்றில் போர்க்காலப் படங்கள் ஏராளம். மூன்று வாரம் இரவு உணவுக்குப் பிறகு வட ஆப்பிரிக்காப் படங்களைத் துழாவினேன். என் பீரங்கிக்கு மஞ்சள் அடிநிறத்தின்மேல் ஆலிவ் பச்சையும் செம்பழுப்பும் பட்டைகளாகத் தீட்டியிருந்தார்கள். பார்க்க அழகுதான். ஆனால் அடர்மஞ்சளை அடிநிறமாக வைத்து, பச்சையையும் செம்பழுப்பையும் மேலே பூசும் முறை 1943 பிப்ரவரி 18ஆம் தேதி ஆணையோடு வந்தது. அதற்கு முன் பொதுவான நிறம் அடர்சாம்பல். ஆப்பிரிக்காவுக்கு 1941 மார்ச்சில் தனி ஆணை பிறந்தது: மஞ்சள்பழுப்பு, அதன்மேல் சாம்பல்பச்சை. முதலில் கப்பலேறி இறங்கிய வண்டிகள் சாம்பல் நிறத்திலேயே இருந்ததால் மண்ணைக் குழைத்துப் பூசிக்கொண்டார்கள். 1941 ஜூனில் ஹல்ஃபாயாவில் நின்ற பீரங்கிக்கு 1943ஆம் ஆண்டு நிறம் எப்படி வரும்? வீரர்களிலும் அதே கதை. ஹல்ஃபாயாவின் 88களைச் சுட்டவர்கள் விமானப்படையின் கீழிருந்த விமான எதிர்ப்புப் பிரிவினர். அவர்களுடைய வெப்பநாட்டு உடை வெளிர்மணல் நிறம், மார்பில் பறக்கும் பாவனையில் கழுகு. எனக்கு வந்த எட்டுப் பேரும் தரைப்படையின் ஆலிவ் பச்சை உடையில் இருந்தார்கள். பெட்டியில் இருந்த பீரங்கி 1944ஆம் ஆண்டு ஐரோப்பாவுக்குப் பொருந்தும், வீரர்கள் 1941 ஆப்பிரிக்காவுக்குப் பொருந்துவார்கள் ஆனால் வேறு படையில். இரண்டையும் ஒரே மணலில் ஒட்டி வைத்திருந்தார்கள்.

படங்களைப் பார்க்கும்போது இரண்டு விஷயங்களில் கவனம் வேண்டும். கறுப்பு வெள்ளைப் படத்தில் நிறத்தைத் தேடாதீர்கள். அக்காலச் சில பிலிம் சுருள்கள் மஞ்சளையும் சிவப்பையும் கருமையாகக் காட்டும்; சாம்பல் வண்டி என்று நான் சத்தியம் செய்திருக்கக்கூடிய ஒன்று மஞ்சள் வண்டியாக இருந்தது. நிறத்துக்கு ஆணைகளின் தேதிதான் ஆதாரம், வடிவத்துக்குப் படம் ஆதாரம். அடுத்தது, அருங்காட்சியகத்தில் நிற்கும் பீரங்கியின் நிறத்தையும் நம்பக்கூடாது. ஹனோவரிலிருந்து அதிகத் தொலைவில் இல்லாத முன்ஸ்டர் டாங்கி அருங்காட்சியகத்துக்குச் சென்று பல மணி நேரம் நின்றிருக்கிறேன். இப்படிப்பட்ட பீரங்கிகளில் பெரும்பாலானவை போருக்குப் பின் பலமுறை வண்ணம் மாறியவை. அங்கே கற்க வேண்டியது தடிமனும் இடைவெளியும். 7.5 சென்டிமீட்டர் டாங்கி எதிர்ப்புப் பீரங்கியின் கேடயம் ஒற்றைத் தகடு அல்ல, நடுவே வெற்றிடம் விட்ட இரட்டைத் தகடு என்பதை அதன் விளிம்பில் கண்ணை வைத்துப் பார்த்த பிறகே நம்பினேன். மலிவான சிற்றுருக்களில் அது எப்போதும் ஒரே தடித்த பலகையாக இருக்கும். எனக்குத் தெரிந்தவரை ஒரு பட்டறையின் நேர்மையை அளக்க அந்த விளிம்பு போதும்.

விற்றவருக்கு எழுதினேன். "நான் வாங்கியதைத்தான் உங்களுக்கு விற்றேன், தகடு முன்பே இருந்தது" என்று ஒரு வரி பதில் வந்தது. அதற்குப் பிறகு மௌனம். கோபத்தைவிட அவமானம்தான் அதிகமாக இருந்தது. வேலையிடத்தில் அரை மில்லிமீட்டர் பிழைக்குப் பிறரைக் கேள்வி கேட்கிறவன் நான். திரும்ப விற்றுவிடலாம் என்று உள்நாட்டு விற்பனைத் தளம் ஒன்றில் படம் ஏற்றினேன். இரண்டு மணி நேரத்தில் நீக்கிவிட்டார்கள், கணக்கையும் மூன்று வாரம் முடக்கினார்கள். காரணம், அரைச்சங்கிலி வண்டியின் முன்மூடியின்மேல், தம் விமானங்கள் அடையாளம் காண்பதற்காக விரித்துக் கட்டிய கொடி. அதில் ஸ்வஸ்திகா இருந்தது. ஜெர்மன் குற்றவியல் சட்டத்தின் 86ஏ பிரிவு இத்தகைய சின்னங்களைப் பொதுவில் காட்டுவதைத் தண்டிக்கிறது. வரலாறு, கலை, கல்வி ஆகியவற்றுக்கு விலக்குகள் உண்டு என்றாலும், விற்பனைப் படத்தை அந்த விலக்குக்குள் கொண்டுவர வாதாடும் துணிச்சல் எனக்கு இல்லை. ஜெர்மன் படை வண்டிகளில் தீட்டிய கறுப்பு வெள்ளைச் சிலுவைச் சின்னத்துக்கு இந்தத் தடை இல்லை. இந்த நாட்டில் விற்பவர்கள் படத்தில் ஸ்வஸ்திகாவை மறைத்துப் போடுகிறார்கள், ஜெர்மனிக்கு வரும் மாடல் பெட்டிகளின் அட்டைப்படங்களிலும் அது இருப்பதில்லை. நம் கோலத்திலும் கல்யாணப் பத்திரிகையிலும் இருக்கும் ஸ்வஸ்திக்கைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு அந்தக் கொடியின் கனம் சட்டென்று உறைப்பதில்லை. எனக்கு உறைக்க மூன்று வாரம் பிடித்தது. உறைத்த அன்றே அந்தக் கொடியைப் பெயர்த்து எடுத்துவிட்டேன்.

விற்க முடியாததால் வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தேன். வைத்துக்கொள்வதானால் அழகாக வைக்க வேண்டும் அல்லவா? 2022 ஜனவரியில் பழைய சாமான் கடை ஒன்றில் ஓக் மரத்தில் செய்த கண்ணாடிக் கதவு அலமாரி ஒன்றை 320 யூரோவுக்கு வாங்கினேன். கைப்பிடியெல்லாம் பித்தளை, கதவைச் சாத்தினால் தூசி ஒரு துகள் நுழையாது. அதை வீட்டுக்குத் தூக்கி வர இரண்டு பேர் தேவைப்பட்டது. 88, ஹோவிட்சர், எட்டு வீரர்கள், இடையில் 290 யூரோவுக்குத் தனித்தனியாக வாங்கியிருந்த ஆறு பழைய பீரங்கி வீரர்கள் எல்லோரையும் அடுக்கி விளக்கையும் போட்டபோது, செய்த செலவுக்கு ஓர் அர்த்தம் வந்துவிட்டதுபோல் இருந்தது.

அந்த அலமாரிக்கு வந்த முதல் விருந்தாளி என் அலுவலக நண்பர் ஒருவர், ஜெர்மானியர். இலையுதிர்கால மாலை, சாப்பாட்டுக்குப் பிறகு அவராகவே எழுந்து சென்று அதன் முன் நின்றார். வெகுநேரம் எதுவும் பேசவில்லை. என் காதுகள் சூடாகிவிட்டன. நான் பொறியியல், உதைப்புத் தாங்கி என்று ஏதேதோ சொல்லத் தொடங்கியதும் அவர் இடைமறித்துக் கேட்டார்: "குதிரைகள் எங்கே?" எனக்குப் புரியவில்லை. அவருடைய தாத்தா ஹனோவர் இருக்கும் கீழ்ச்சாக்சனி மாநிலத்துப் பண்ணைக்காரர். பீரங்கி இழுக்கும் குதிரைகளை ஓட்டுவதற்காகச் சோவியத் நாட்டோடு போர் நடந்த கிழக்கு முனைக்கு அழைத்துச் செல்லப்பட்டவர், திரும்பவில்லை. "எல்லோர் வீட்டு அலமாரியிலும் டிராக்டர்தான் இருக்கிறது. உண்மையில் குதிரைகள்தான் இழுத்தன" என்றார். உண்மைதான். ஜெர்மன் காலாட்படை டிவிஷன்களின் பீரங்கிகளைப் போர் முடியும்வரை பெரும்பாலும் குதிரைகளே இழுத்தன. இலகு ஹோவிட்சருக்கு ஆறு குதிரைகள், மூன்று இணைகளாக. என் ஹோவிட்சர் எந்தக் குதிரையும் இல்லாமல் ஓராண்டாகச் சரிநுட்பத்தின் உதாரணமாக நின்றுகொண்டிருந்தது. நான் மில்லிமீட்டரைப் பிடித்துக்கொண்டு ஆளையும் குதிரையையும் விட்டுவிட்டேன் என்று அன்றிரவு மனைவியிடம் சொன்னேன். "நீங்கள் வீட்டிலும் அப்படித்தானே" என்றாள்.

2023 மார்ச்சில் தூசி தட்டுவதற்காகக் கதவைத் திறந்தபோது வீரர் ஒருவரின் முழங்காலில் மாவு சிந்தியதுபோல் வெண்மை தெரிந்தது. ஊதினேன், போகவில்லை. கையில் எடுத்தால் வண்ணம் மொட்டுபோல் உப்பிக்கொண்டு உதிர்ந்தது. உள்ளே சாம்பல் வெள்ளையாகப் பொருக்கு. மற்றவர்களைத் திருப்பிப் பார்த்தேன். பதினான்கு பேரில் பதினொருவருக்குப் பிடித்திருந்தது. ஒருவருடைய துப்பாக்கி விரலில் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. பூஞ்சை என்று நினைத்து ஈரத்துணியால் துடைத்தேன், அதுவும் தவறு. அது ஈயத்தை அரிக்கும் நோய். ஓக் மரம் வெட்டிப் பல பத்தாண்டுகள் ஆனாலும் அசிட்டிக் அமில ஆவியை விட்டுக்கொண்டே இருக்கும். காற்று புகாத அலமாரியில் அந்த ஆவி தங்கி, ஈயத்தைக் கரைத்து, காற்றில் உள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து ஈயக் கார்பனேட்டாக, அதாவது அந்த வெண்பொடியாக ஆக்குகிறது. தூசி நுழையாது என்று நான் பெருமைப்பட்ட கதவுதான் எல்லாவற்றையும் கெடுத்தது. ஓக் மட்டுமல்ல, மரத்தூள் அழுத்திச் செய்த பலகைகளும், சரியாகக் காயாத வண்ணப்பூச்சும் இதையே செய்யும். பீரங்கி ரெசினிலும் வெள்ளீயத்திலும் வார்த்தது என்பதால் தப்பித்தது. பழைய வீரர்கள் ஈயக் கலவை.

அடுத்த பயம் வேறு வகை. அந்தப் பொடி நஞ்சு என்று படித்தபோது மணி இரவு பதினொன்று. என் மகளுக்கு அப்போது ஏழு வயது. அலமாரியின் சாவி கதவிலேயே தொங்கும், அவள் வீரர்களை எடுத்து வரிசை மாற்றி வைப்பதை நானே சிரித்துக்கொண்டு பார்த்திருக்கிறேன். மறுநாள் காலை குழந்தை மருத்துவரிடம் ஓடினோம். இரத்தம் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். முடிவு வர நான்கு நாள் ஆயிற்று. அந்த நான்கு நாளும் மனைவி என்னைத் திட்டவில்லை, அதுதான் தாங்க முடியாததாக இருந்தது. முடிவு இயல்பான அளவு என்று வந்தது. வீட்டில் குழந்தை இருந்தால், பழைய உலோக வீரர்களை வாங்கும்போதே ஈயம் உண்டா என்று கேளுங்கள், பதில் தெளிவாக இல்லையென்றால் ஈயம் என்றே வைத்துக்கொண்டு பூட்டுங்கள். தொட்டால் கை கழுவுங்கள். வெண்பொடி கண்டால் உலர்ந்த தூரிகையால் தட்டாதீர்கள், ஊதாதீர்கள், சமையல் மேசைக்குக் கொண்டு வராதீர்கள். கையுறை போட்டு மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் தனியாக எடுத்து வையுங்கள். நோய் தொற்றுவதில்லை; ஆனால் ஒருவருக்கு வந்த இடத்தில் மற்றவர்களும் அதே ஆவியைத்தான் சுவாசித்துக்கொண்டிருக்கிறார்கள்.

உலோகப் பொருள்களைப் பாதுகாக்கும் நிபுணர் ஒருவரிடம் காட்டியதில் மூன்று பேரை மட்டும் மீட்கலாம் என்றார். 140 யூரோ வாங்கிக்கொண்டு மீட்டும் கொடுத்தார். மற்ற எட்டுப் பேரையும் நகராட்சியின் நச்சுக் கழிவுச் சேகரிப்பில் ஒப்படைத்தேன். ஊழியர் டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு, "பொம்மையா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

அந்த ஆண்டு ஆகஸ்டில் குல்ம்பாக் சென்றேன். ஓராண்டு விட்டு ஓராண்டு அங்கே வெள்ளீய உருவங்களின் சந்தை கூடுகிறது. மலைமேல் பிளாசன்பர்க் கோட்டையில் ஜெர்மன் வெள்ளீய உருவ அருங்காட்சியகமும் இருக்கிறது. முதலிலேயே அங்கே போயிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலை இருந்திருக்காது. இணையத்தில் ஐந்து படத்தில் தெரியாதது மேசையில் ஐந்து நொடியில் தெரிகிறது. ஒரு மேசையில் எழுபதைக் கடந்த ஒருவர் உட்கார்ந்திருந்தார். நான் ஒரு பழைய அட்டைப் பெட்டியைக் கையில் எடுத்ததும், "பார்ப்பதற்கு முன் முகர்ந்து பாருங்கள்" என்றார். மூடியைத் திறந்து மூக்கை வைத்தேன். ஊறுகாய் ஜாடிபோல் லேசான புளிப்பு. "அது வினிகர். உள்ளே இருப்பவர்கள் இன்று நன்றாக இருக்கலாம், இரண்டு ஆண்டு கழித்து இருக்க மாட்டார்கள்." தம்முடைய பொருளைப் பற்றித்தான் அப்படிச் சொன்னார். பிறகு தம் சட்டைப்பையிலிருந்து சிறிய பூதக்கண்ணாடியை எடுத்து, அக்குள், தொடைகளுக்கு நடுவே, பெல்ட்டின் கீழ் என வண்ணம் மெல்லியதாக இருக்கும் இடங்களைக் காட்டினார். அரிப்பு அங்கேதான் தொடங்கும். மறுவண்ணம் பூசியதைக் கண்டுபிடிக்க, உருவத்தின் கால் நிற்கும் அடித்தட்டின் கீழ்ப்புறத்தைப் பார்க்கச் சொன்னார். முகத்துக்கு வண்ணம் தீட்டுபவர்கள் பாதத்தின் கீழே தீட்டுவதில்லை. ஒரு மணி நேரம் கற்பித்தவரிடம் ஒன்றுமே வாங்காமல் வரக் கூச்சமாக இருந்ததால் அந்தப் பூதக்கண்ணாடியையே விலைக்குக் கேட்டேன். சிரித்துவிட்டு, எட்டு யூரோ என்றார்.

88ஐயும் அங்கேயே விற்றேன். தகட்டைக் கழற்றி, '1943க்குப் பிந்தைய நிறம், குழல் 149 மில்லிமீட்டர், வீரர்கள் இல்லை' என்று சீட்டெழுதி வைத்தேன். ஐரோப்பியப் போர்முனைக் காட்சி ஒன்றுக்குப் பீரங்கி தேடிக்கொண்டிருந்த ஒருவர் 300 யூரோவுக்கு எடுத்துக்கொண்டார். குறையை அவருக்கு முன் நானே சொன்னதால் பேரம் கூட நடக்கவில்லை.

இப்போது என்னிடம் இருப்பது தூள்வண்ணப் பூச்சு (பவுடர் கோட்டிங்) செய்த இரும்புச் சட்டமும் கண்ணாடியும் கொண்ட அலமாரி, 260 யூரோ. கதவுகளுக்கு நடுவே விரல் நுழையும் இடைவெளி இருக்கிறது, தூசி வரட்டும் என்று விட்டுவிட்டேன். அடியில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிகள். ஆண்டுக்கு இருமுறை, கோடைக்கும் குளிர்காலத்துக்கும் இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் மாற்றும் ஞாயிற்றுக்கிழமைகளில், ஒவ்வொருவரையும் எட்டு யூரோ கண்ணாடியில் பார்க்கிறேன். புதிதாக வாங்கியதை மூன்று மாதம் தனி டப்பாவில் வைத்துப் பார்த்துவிட்டே உள்ளே விடுகிறேன். பொருளை நேரில் பார்க்காவிட்டால் 100 யூரோவுக்கு மேல் கொடுப்பதில்லை, நண்பருக்கு அனுப்பும் வழியில் பணம் கொடுப்பதே இல்லை. ஒவ்வொரு பொருளின் அடியிலும் வாங்கிய தேதி, விலை, எந்த ஆண்டுக்குப் பொருந்தும், எது தவறு என்று ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறேன். என் காலத்துக்குப் பிறகு இதை விற்கப்போகும் மனைவிக்கோ மகளுக்கோ அது உதவும். ஓக் அலமாரியில் இப்போது புத்தகங்கள் இருக்கின்றன.

ஹோவிட்சருக்குக் குதிரைகள் வாங்கிக்கொண்டிருக்கிறேன். ஈயம் கலக்காத வார்ப்பில், 30இல் ஒன்று அளவில், வண்டிக்காரன் அமர்ந்த இணை கிடைப்பது அரிது. இதுவரை இரண்டு இணைகள் வந்திருக்கின்றன. மூன்றாவது இணை கிடைத்ததும் அலுவலக நண்பரைச் சாப்பிட அழைப்பதாகச் சொல்லியிருக்கிறேன், அவரும் மாதம் ஒருமுறை நினைவூட்டுகிறார்.